ஸ்லைட்ல கலர் ஏறலையா, ஏறக்கூடாத இடத்துல ஏறிடுச்சா? ஐ.எச்.சி கோளாறை அறிகுறி பாத்து பிடிக்கிற வழி

காலையில பசியாறிட்டு லேப்புக்குள்ள வந்து கோட்டு கூட மாட்டல, அதுக்குள்ள டாக்டர் ரூம்ல இருந்து போன், "நேத்து போட்ட சி.டி.45 ஒன்னுமே ஏறலையே, திரும்ப போட்டுடுங்க"ன்னு. சி.டி.45-ன்னா வெள்ளை அணுவைத் தேடுற ஒரு ஆன்டிபாடி. உடனே நாம என்ன பண்றோம், ஃபிரிட்ஜை திறந்து ஆன்டிபாடி குப்பியை எடுத்து எக்ஸ்பயரி பாக்குறோம், புதுசு ஒன்னு உடைக்கிறோம், அதே ஸ்டெப்பை அப்படியே திரும்ப ஓட்டுறோம், சாயங்காலம் அதே வெள்ளை ஸ்லைட் வருது. நான் இந்த பெஞ்சுல உக்காந்து 19 வருஷம் ஆச்சு, பினாங்குலயே ரெண்டு லேப் மாறிட்டேன், ஆன்டிபாடி மேல தப்புன்னு முடிஞ்ச கேஸை விரல் விட்டு எண்ணிடலாம். மிச்சம் எல்லாம் அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ நடந்த கூத்துதான். புதுசா சேர்ற ஜே.டி.எம்.பி, அதாவது லேப் டெக்னாலஜிஸ்ட் பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எழுதிடறேன்.

வேற டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு ஒரு வரி. சாதா பிங்க் ஊதா ஸ்டெய்ன்ல சில கட்டிங்க அச்சு அசலா ஒன்னு போலவே இருக்கும், கார்சினோமாவா லிம்போமாவா மெலனோமாவான்னு டாக்டரால கண்ணால பிரிக்க முடியாது, அப்போ ஒரு குறிப்பிட்ட புரோட்டீனை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கிற ஆன்டிபாடியை ஊத்தி, அது ஒட்டுன இடத்துல டி.ஏ.பி-ங்கிற கலர் மருந்து வச்சு பழுப்பு கலர் வரவைக்கிறோம், அவ்வளவுதான் ஐ.எச்.சி, அதாவது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. நல்ல ரன்னுன்னா கலர் கோப்பி ஓ, அதான் பால் விடாத காப்பி மாதிரி இருக்கணும். தண்ணி கூட ஊத்துன தே ஓ, பால் விடாத டீ மாதிரி இருந்தா அங்கயே சந்தேகப்படுங்க.

எந்த அறிகுறியா இருந்தாலும் ஃபிரிட்ஜ் பக்கம் போகாம மொதல்ல மைக்ரோஸ்கோப்புல மூணு இடம் பாருங்க. ஒன்னு, அதே ஸ்லைட்லயே வச்ச கண்ட்ரோல் துண்டு. கண்ட்ரோலை தனி ஸ்லைட்ல போடுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க லா, அந்த ஸ்லைட் ஏறுச்சுங்கிறதால பேஷன்ட் ஸ்லைட்ல மருந்து சரியா விழுந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு, பேஷன்ட்டோட சதையிலயே கண்டிப்பா ஏறியாக வேண்டிய இடம். சி.டி.45-க்கு சுத்தி இருக்கிற லிம்போசைட், எஸ்-100-க்கு நரம்பும் கொழுப்பு செல்லும், சி.டி.34-க்கு ரத்தக்குழாய் உள்சுவர், சி.டி.117-க்கு மாஸ்ட் செல், ஈஸ்ட்ரோஜன் ரிசப்டருக்கு பக்கத்துல இருக்கிற நல்ல பால் குழாய். மூணு, ஆன்டிபாடி ஊத்தாம மத்த எல்லாம் ஊத்துன நெகட்டிவ் ஸ்லைட்.

கண்ட்ரோலும் உள்ள இருக்கிறதும் ஏறி கட்டி மட்டும் ஏறலைன்னா அது கோளாறு இல்ல, அதுதான் பதில், டாக்டர் அடுத்த ஆன்டிபாடிக்கு போகட்டும். கண்ட்ரோல் ஏறி பேஷன்ட்டோட லிம்போசைட் கூட ஏறலைன்னா அந்த சதைக்கு என்னமோ ஆயிருக்கு. ரெண்டுமே ஏறலைன்னா ரன்ல தப்பு. நெகட்டிவ் ஸ்லைட்டே பழுப்பா இருந்தா டிடெக்ஷன்ல, அதாவது ஆன்டிபாடி ஒட்டுனதை கலரா காட்டுற மருந்துல, இல்லைன்னா சதையோட சொந்த என்சைம்ல தேடணும்.

எங்கயுமே ஒன்னும் வரல, கண்ட்ரோல் உட்பட

பின்னணிக்குப் போடுற ஹெமடாக்சிலினோட ஊதா கலர் வந்திருக்கான்னு மொதல்ல பாருங்க. அதுவும் வரலைன்னா, சிரிக்காதீங்க, ஸ்லைடை திருப்பி பிடிச்சு சதை எந்தப்பக்கம் இருக்குன்னு நகத்தால லேசா தடவிப் பாருங்க. லேபிளை பின்பக்கம் ஒட்டிட்டா மெஷின் வெறும் கண்ணாடி மேலதான் ஒழுங்கா எல்லாத்தையும் ஊத்தும். எனக்கு இது நடந்திருக்கு, அதுவும் ஒரு தடவை இல்ல.

ஊதா வந்து பழுப்பு மட்டும் இல்லைன்னா ஒரு சின்ன டெஸ்ட். எச்.ஆர்.பி என்சைம் ஒட்டியிருக்கிற அந்த பாலிமர் மருந்துல ஒரு சொட்டு, கலந்து வச்ச டி.ஏ.பி-ல ஒரு சொட்டு, ரெண்டையும் ஒரு சின்ன டியூப்ல விடுங்க. உடனே பழுப்பாகணும். ஆகலைன்னா டி.ஏ.பி செத்துப்போச்சு, இல்லைன்னா என்சைம் செத்துப்போச்சு. நேத்து கலந்த டி.ஏ.பி-யை மிச்சம் பிடிக்கிறேன்னு இன்னைக்கு ஊத்துறது ஒரு காரணம், பஃபர் கெடாம இருக்கட்டும்னு யாரோ சோடியம் அசைடு போட்டு வச்சது இன்னொன்னு, அசைடு எச்.ஆர்.பி-யை முடக்கிடும். டி.ஏ.பி தொடும்போது கையுறை போடுங்க, சிங்க்ல கொட்டாதீங்க, புற்றுநோய் வரவைக்கும்னு சந்தேகப்படுற சாமான் அது.

டியூப்ல பழுப்பு வந்துச்சுன்னா ரிட்ரீவல் பக்கம் போங்க, மூடிப்போன இடத்தை சூடு பண்ணி திறக்கிற ஸ்டெப் அது. சதை கெடாம இருக்கப் போடுற ஃபார்மலின் புரோட்டீன்களை ஒன்னோட ஒன்னு கட்டிப்போட்டு ஆன்டிபாடி உக்கார வேண்டிய இடத்தை மூடிடும், 1991-ல ஷி, கீ, கால்ரான்னு மூணு பேர் ஸ்லைடை மைக்ரோவேவ்ல சூடாக்கினா அது திரும்ப திறக்கும்னு எழுதினதுக்கு அப்புறம்தான் நம்ம வேலை இவ்வளவு பெருசாச்சு. சிட்ரேட் பி.எச் 6, டிரிஸ் இ.டி.டி.ஏ பி.எச் 9, ரெண்டு பாட்டிலும் பாக்க ஒரே தண்ணி மாதிரிதான், மாத்தி ஊத்திட்டா சில ஆன்டிபாடி சமாளிச்சு ஏறும், சிலது ஒரு பொட்டு கூட ஏறாது. அதனால ஒரே நாள்ல சிலது நல்லா வந்து சிலது மட்டும் வெள்ளையா வந்தா, எது எது எந்த பஃபர்ல போச்சுன்னு ஒரு பேப்பர்ல பிரிச்சு எழுதுங்க, பாதி நேரம் விஷயம் அங்கயே தெரிஞ்சிடும். பி.எச் மீட்டரை கடைசியா யார் காலிபிரேட் பண்ணாங்கன்னும் கேளுங்க, பதில் வராது.

வந்துச்சு, ஆனா தே ஓ மாதிரி

கண்ட்ரோல் நல்லா இருந்து பேஷன்ட் மட்டும் சோகையா இருந்தா இது எலும்பா, டீகால் பண்ணதான்னு, அதாவது வெட்டுறதுக்காக கால்சியத்தை கரைச்சு மெதுவாக்கினதான்னு கேளுங்க. ஆசிட்ல சீக்கிரம் கரைச்சது நிறைய ஆன்டிஜெனை நாசம் பண்ணிடும், இ.டி.டி.ஏ நாள் எடுக்கும் ஆனா புரோட்டீனை காப்பாத்தும். வார்டுல ரிப்போர்ட்டுக்கு அவசரப்படுறாங்கன்னு ஆசிட்ல போட்டுட்டு அப்புறம் ஐ.எச்.சி ஏறலைன்னு நம்மள திட்டுறது வழக்கமான கதை.

அடுத்தது, ஸ்லைட் எப்போ வெட்டினது? ஆறு மாசம் முன்னாடி வெட்டி பெட்டியில வச்ச செக்ஷன்ல கே.ஐ-67, பி.53, ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் மாதிரி நியூக்ளியஸ்ல ஏறுறதெல்லாம் மங்கிப்போகும், நம்ம ஊர் புழுக்கத்துல வெளிய வச்சிருந்தா இன்னும் மோசம். சதையைப் பதிச்சு வச்ச மெழுகு பிளாக்ல இருந்து 3, 4 மைக்ரான்ல புதுசா வெட்டுங்க.

இன்னொன்னு, நியூக்ளியஸ்ல லேசா ஏறின பழுப்பை நாம போட்ட ஹெமடாக்சிலினே அமுக்கிடும். ஊதா கறுப்பா இருந்தா வீக்கா, நெகட்டிவான்னு கேட்கவே கூடாது, ஊதாவை குறைச்சு திரும்ப பாருங்க.

ஓரம் நல்லா ஏறியிருக்கு, நடுவுல வெள்ளை

இதுக்கு கொஞ்சம் கதை சொல்லணும். தைப்பூசம் திங்கக்கிழமை விழுந்த ஒரு வருஷம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மார்புக் கட்டி ஆபரேஷன் முடிஞ்சு லேப்புக்கு வந்துச்சு, பெரிய சதை, அப்படியே முழுசா ஒரு டப்பாவுல, ஃபார்மலின் சதையை மூடுற அளவுக்குதான் இருந்துச்சு. அன்னைக்கு இருந்த ஆள் ரிஜிஸ்டர் பண்ணி ஷெல்ஃப்ல வச்சுட்டு போயாச்சு. சனி, ஞாயிறு, திங்க மூணு நாளும் லீவு, நாங்க எல்லாம் தண்ணீர்மலை அடிவாரத்துல தண்ணிப் பந்தல்ல நின்னுக்கிட்டு இருந்தோம், அது டப்பாவுக்குள்ள ஊறிக்கிட்டு இருந்துச்சு.

நாலு நாள் ஃபார்மலின்ல கிடந்ததே, ஓவரா ஃபிக்ஸ் ஆயிருக்கும்னுதான் எல்லாரும் நினைச்சோம். ஸ்லைட் வந்தப்போ பாத்தா ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் வெளி ஓரத்துல மூணு நாலு மில்லிமீட்டர் வளையமா கோப்பி ஓ கலர்ல பளிச்சுன்னு இருக்கு, உள்ள போகப் போக தே ஓ, நடுவுல வெறும் ஊதா. நடுவுல இருக்கிற நல்ல பால் குழாய் கூட ஏறல. அங்கதான் விஷயம் மாட்டுச்சு. நடுப்பகுதி ஃபிக்ஸே ஆகல, ஃபார்மலின் உள்ள வர்றதுக்குள்ள அழுக ஆரம்பிச்சிடுச்சு. ஃபார்மலின் மொத ஒரு மணி நேரத்துல ஒரு மில்லிமீட்டர் போலத்தான் நுழையும், உள்ள போகப் போக இன்னும் மெதுவா, அதுவும் கொழுப்பு நிறைஞ்ச மார்புச் சதைன்னா கேக்கவே வேணாம். ஒரே சதையில வெளிய அளவுக்கு மேல ஊறி உள்ள பத்தாம போயிடுச்சு.

இதை கவனிக்காம டாக்டர் நடுப்பகுதியை எண்ணியிருந்தா என்ன ஆகும்? ஏறின கட்டி செல்லு 1 சதவீதத்துக்கு கீழன்னா நெகட்டிவ், 1-ல இருந்து 10 வரை லோ பாசிட்டிவ்னு போகும், அந்த அம்மாவுக்கு கிடைக்க வேண்டிய ஹார்மோன் மாத்திரை கிடைக்காம போகலாம். ரிட்ரீவல் நேரத்தை கூட்டிப் பாத்தோம், ஓரம் இன்னும் கறுத்துச்சு, நடு அசையல. அழுகினதை எந்த சூடும் திரும்பக் கொண்டுவராது. கடைசியில ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஊசி பயாப்சி பிளாக்கை தேடி எடுத்து அதுல போட்டோம், சின்னச் சதை, ஃபார்மலின் சட்டுன்னு உள்ள போயிருந்துச்சு, முழுக்க ஏறுச்சு. அதுல இருந்து என் பழக்கம், மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் துண்டுல சந்தேகம்னா மொதல்ல பயாப்சி பிளாக் எங்கன்னு கேக்குறது.

வராம தடுக்கணும்னா, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபார்மலின்ல போகணும், 5-ல இருந்து 10 மில்லிமீட்டர் கனத்துல வெட்டித் திறக்கணும், சதையைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கணும், 6 மணி நேரத்துக்கு குறையாம 72 மணி நேரத்துக்கு மேல போகாம எடுக்கணும். சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, தைப்பூசம், தீபாவளி, எதுவா இருந்தாலும் லீவுக்கு முந்தின சாயங்காலம் யாராவது ஒருத்தர் நின்னு பெரிய சதையை எல்லாம் திறந்துட்டுதான் போகணும். யார் நிக்கிறதுன்னு சண்டை வரும். வரட்டும்.

இதுக்கு நேர் எதிரா, ஓரத்துல மட்டும் அழுக்கா கறுத்து, கட்டி இல்லாத இடமும் சேர்ந்து பழுப்பா இருந்தா அது காஞ்சுபோனது. ஏர்கான் காத்து நேரா ஈரப் பெட்டி மேல அடிக்கிறதா பாருங்க. வட்டமா ஒரு வெள்ளைப் பொட்டுன்னா குமிழி. ஒழுங்கில்லாத திட்டுத் திட்டா வெள்ளைன்னா மெழுகு முழுசா போகல, சைலீனை மாத்துங்க.

எல்லாமே பழுப்பு

நெகட்டிவ் ஸ்லைட் சுத்தமா இருந்து ஆன்டிபாடி போட்டது மட்டும் சேறா இருந்தா டைலூஷன் கனம், இல்லைன்னா கழுவுனது பத்தல, இல்லைன்னா செக்ஷன் தடி. இந்த ஒரு இடத்துலதான் ஆன்டிபாடி பக்கம் போகலாம்னு சொல்வேன், பாதியா தண்ணியாக்கி ஒரு ஸ்லைட் போட்டுப் பாருங்க.

நெகட்டிவும் பழுப்புன்னா சதையோட சொந்த சரக்கு. ரத்தம் நிறைஞ்ச சதை, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை இதுல எல்லாம் சொந்தமாவே பெராக்சிடேஸ் வேலை நடக்கும், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பத்து நிமிஷம் போட்டாதான் அடங்கும், அந்த பாட்டில் மூடி திறந்தே கிடந்து கேஸ் போயிருந்தா அது வெறும் தண்ணி. கல்லீரல், சிறுநீரகம் மட்டும் பழுப்பாகி மத்தது சுத்தமா இருந்தா உங்க லேப்ல இன்னும் அவிடின் பயோட்டின் முறை ஓடுதுன்னு அர்த்தம், அந்த ரெண்டு உறுப்புலயும் பயோட்டின் தானாவே நிறைய இருக்கு, பாலிமருக்கு மாறினா தொல்லை போச்சு. செத்துப்போன சதையில எப்பவும் ஏதாவது ஒட்டிக்கும், அந்த இடத்தை வச்சு யாரும் ரிசல்ட் சொல்ல மாட்டாங்க, நீங்களும் கவலைப்படாதீங்க.

பழுப்பா இருக்கிறதெல்லாம் டி.ஏ.பி-யும் இல்ல. பழைய ரத்தக் கசிவுல ஹீமோசிடரின் தங்கப் பழுப்பு, கெட்டுப்போய் ஆசிட் ஆன ஃபார்மலின் விடுற கறும்பழுப்பு பொடி, நுரையீரல்ல புகைக் கரி. எல்லாத்துக்கும் மேல மெலனின். மெலனோமாவா இருக்குமோன்னு எஸ்-100 கேக்குற சதையிலயே பழுப்பு நிறமி நிறைஞ்சிருந்தா பழுப்பு ஸ்டெய்ன் போட்டு என்ன பாக்கிறது, டி.ஏ.பி-க்கு பதிலா சிவப்பு கலர் தர்ற குரோமோஜென்ல போடுங்க, டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே.

சதை கழண்டு மிதக்குது

நம்ம ஊர்ல இது பெரும்பாலும் ஈரம். செக்ஷனை வாட்டர் பாத்ல இருந்து எடுத்து படுக்க வச்சா அடியில தண்ணி மாட்டிக்கும், ஸ்லைடை நிக்க வச்சு வடியவிட்டு, 60 டிகிரியில ஒரு மணி நேரம் ஓவன்ல வைங்க. சார்ஜ் ஏத்துன ஸ்லைட்தானான்னு பாருங்க, சாதா ஸ்லைட் பாக்ஸும் பக்கத்துலயேதான் இருக்கும். ரிட்ரீவல்ல கொதிச்சு குதிக்கக்கூடாது.

லிம்ப் நோட்ல ஒரே ஒரு துண்டு மட்டும் கெராட்டின் பாசிட்டிவ்

கெராட்டின் கார்சினோமா செல்லுல ஏறுற புரோட்டீன், அதனால நோட்ல பாத்தா பரவிடுச்சோன்னு தோணும். பயந்துடாதீங்க, ஆனா டாக்டருக்கு சொல்லாமலும் இருக்காதீங்க. அந்த துண்டு மத்த சதையோட அதே மட்டத்துல இருக்கா, இல்ல மேல மிதக்குற மாதிரி ஃபோக்கஸ் வேறயா இருக்கான்னு நாபை திருப்பிப் பாருங்க. வேறன்னா, முந்தின பேஷன்ட்டோட சதை வாட்டர் பாத்ல மிதந்து இவர் ஸ்லைட்ல ஏறியிருக்கு. ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவுல தண்ணி மேல டிஷ்யூ பேப்பரை இழுத்து எடுக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். பிளாக்கை இன்னும் ஆழமா வெட்டி திரும்ப போடுங்க.

கலர் அழகா வந்திருக்கு, ஆனா கதை ஒத்து வரல

ஏறாத ஸ்லைடை யாரும் நம்ப மாட்டாங்க, திரும்ப போடச் சொல்லிடுவாங்க. அழகா ஏறின தப்பு ஸ்லைட் நேரா ரிப்போர்ட்டுக்குள்ள போயிடும், அதனால எனக்கு இதுதான் பயம்.

மொதக் கேள்வி, பழுப்பு செல்லுக்குள்ள எங்க உக்காந்திருக்கு? டி.டி.எஃப்-1 நியூக்ளியஸ்ல ஏறினா நுரையீரலோ தைராய்டோன்னு யோசிக்கலாம், அதே டி.டி.எஃப்-1 சில குளோன்ல, அதாவது அந்த ஆன்டிபாடியோட சில வகையில, கல்லீரல் செல்லோட சைட்டோபிளாசத்துல பொடிப்பொடியா நல்லா பழுப்பா ஏறும், அதைப் பாத்து நுரையீரல் பாசிட்டிவ்னு சொல்லிடக்கூடாது. பி.40, சி.டி.எக்ஸ்-2, கேட்டா-3 எல்லாம் நியூக்ளியஸ். சி.டி.45 செல்லோட வெளிச் சுவர். நியூக்ளியஸ்ல ஏற வேண்டியது சைட்டோபிளாசத்துல வந்தா எவ்வளவு அழகா இருந்தாலும் கண்ட்ரோலோட வச்சு ஒப்பிடுங்க.

அடுத்தது, எந்த செல்லு? கழுத்துல கட்டின்னு ஒருத்தரோட நோட் பயாப்சி, நாப்பது வயசு ஆம்பளை, பெரிய பெரிய நியூக்ளியஸ், நடுவுல துருத்திக்கிட்டு நிக்கிற நியூக்ளியோலஸ், எல்லை தெரியாம ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கிற செல்லுங்க. சி.டி.45 போட்டோம், ஸ்லைடே பழுப்பு. புதுசா வந்த பையன் சந்தோஷமா "லிம்போமாங்கக்கா"ன்னான். டாக்டர் ரெண்டு தலை மைக்ரோஸ்கோப்புல என்னை உக்கார வச்சு நாப்பது லென்ஸைப் போட்டு, "பெரிய செல்லோட சுவரை மட்டும் பாரும்மா"ன்னாரு. பெரிய செல்லெல்லாம் வெள்ளை. அதை சுத்தியும் அதுக்கு நடுவுலயும் புகுந்து நிக்கிற சின்ன லிம்போசைட்டுங்கதான் அவ்வளவு பழுப்பும். பெரிய செல்லுக்கு கெராட்டின் ஏ.இ1, ஏ.இ3 ஏறுச்சு, பி.40 நியூக்ளியஸ்ல ஏறுச்சு. மூக்குக்குப் பின்னாடி தொண்டை மேல்பக்கத்துல இருந்து பரவுற நாசோஃபரிஞ்சியல் கார்சினோமா. சீனர்கள்ட்டயும் சரவாக் பிடாயு மக்கள்ட்டயும் அதிகம் பாக்குற நோய், கழுத்து நோட்ல இப்படி ஒரு செல்லைப் பாத்தா இங்க எந்த டாக்டரும் ஈபர் கேட்டுடுவாங்க. ஈபர் ஆன்டிபாடி இல்ல, எப்ஸ்டீன் பார் வைரஸோட ஆர்.என்.ஏ-வை தேடுற இன் சிட்டு முறை, நியூக்ளியஸ்ல ஏறும். அதுக்கு பதிலா அந்த வைரஸோட புரோட்டீனைத் தேடுற எல்.எம்.பி-1 ஆன்டிபாடி போட்டு நெகட்டிவ்னு நிம்மதி ஆயிடாதீங்க, இந்த நோய்ல அது எல்லா கேஸ்லயும் ஏறாது.

ஒரே ஆன்டிபாடியை வச்சு முடிவு கட்டுறதும் இதே ரகம்தான். கேட்டா-3 மார்புலயும் ஏறும், மூத்திரப்பையிலயும் ஏறும். சி.டி.138 பிளாஸ்மா செல்லுக்குன்னு வாங்கினது, கார்சினோமாவுலயும் தாராளமா ஏறும். கெராட்டின் 7 இல்லாம கெராட்டின் 20-ம் சி.டி.எக்ஸ்-2-ம் இருந்தா பெருங்குடல் பக்கம் சாயலாம், ஆனா சாயலாம்தான். அதனால டாக்டர் நாலு கேட்டா நாலும் ஒரே ரன்ல போடுங்க, ஒன்னு இன்னைக்கு ஒன்னு நாளைக்குன்னு போட்டா ஒப்பிட முடியாது.

பெருங்குடலுக்கு எம்.எல்.எச்-1, பி.எம்.எஸ்-2, எம்.எஸ்.எச்-2, எம்.எஸ்.எச்-6-ன்னு டி.என்.ஏ-வை ரிப்பேர் பண்ற நாலு புரோட்டீனுக்கு போடும்போது நிலைமை தலைகீழ், அங்க "காணோம்"ங்கிறதுதான் ரிசல்ட்டே. பொதுவா மொத ரெண்டும் ஜோடியா காணாமப் போகும், அடுத்த ரெண்டும் ஜோடியா போகும். நாலுமே காணோம்னு வந்தா உடனே பக்கத்துல இருக்கிற லிம்போசைட்டைப் பாருங்க. அதுலயும் காணோம்னா கட்டி எதுவும் சொல்லல, ஃபார்மலின்தான் சொல்லுது.

போன வாரம் வரை நல்லா இருந்துச்சு

அப்போ என்ன மாறுச்சு? லாட் நம்பர், பஃபர் கலந்த ஆள், தண்ணி ஃபில்டர், சர்வீஸ்காரர் வந்துட்டு போன தேதி. சப்ளையரைக் கூப்பிட்டா மொதல்ல லாட் நம்பர்தான் கேப்பாங்க, அதனால லாட் மாறுற அன்னைக்கே பழசு ஒன்னு புதுசு ஒன்னு அதே கண்ட்ரோல் பிளாக்ல போட்டு ரெண்டு ஸ்லைடையும் எடுத்து வைங்க. கண்ட்ரோல் பிளாக்கும் தீர்ந்துபோற சாமான்தான், ஒரு இருபது செக்ஷன் மிச்சம் இருக்கும்போதே அடுத்த டான்சிலையும் அப்பெண்டிக்ஸையும் தேடி எடுத்து பழசோட சேத்து ஒரே ரன்ல ஓட்டிடுங்க, முழுசா தீர்ந்தப்புறம் புது பிளாக் வீக்கா ஏறினா அது பிளாக்கா ரன்னான்னு கேக்க பழசு இருக்காது.